கோடிப் புடவையும் மஞ்சள் கயிறும்

அத்தியாயம் 11

எழுவனூர் ஜமீனைச் சட்டம் போட்டு ஒழித்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. லஸ் முனைக்குப் பின்னால் இருக்கிற எழுவனூர் பங்களாவுக்குள் மட்டும் அந்தச் செய்தி இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லை. தோட்டத்தில் பாதி அடுக்குமாடி ஆகிவிட்டது. குதிரை லாயம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். ஆனால் யார் முன்வாசல் வழியாக வரலாம், யார் செத்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் இன்னும் பழைய ராஜா வீட்டு வழக்கப்படிதான் நடக்கிறது.

அந்த வழக்கப்படி, நாகராஜ பூபதி மாரடைப்பில் இறந்த செய்தி சுப்பம்மாவுக்குச் சொல்லப்படவில்லை.

சொல்ல வேண்டாம் என்று கூடத்தில் கூடி முடிவெடுத்தபோது, வாயைத் திறக்காமல் தூணோடு தூணாக நின்றவள் வைதேகி. பூபதியின் ஒரே தங்கை. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. இன்று ஆடிப் பதினெட்டு. நாளைக் காலை அண்ணனுக்குக் கருமாதி.

சுப்பம்மா யார் என்று மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் கோடம்பாக்கத்தில் ஒரு ராஜா கதைப் படம் எடுத்தார்கள். நிஜக் கத்தி, நிஜக் கேடயம் வேண்டும் என்று எழுவனூர் வீட்டில் இரவல் கேட்டார்கள். சாமான் காணாமல் போய்விடக் கூடாதே என்று கூடவே போனவன் இளைய ராஜா நாகராஜ பூபதி. அங்கே உடுப்பு அறையில் ஜிகினா தைத்து, இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் சுப்பம்மா, அடையாற்றுக் கரைக் குடிசைப் பெண். “ஒரிஜினல் ராஜா ஓரமா நிக்கிறாரு, டூப்ளிகேட் ராஜா சிம்மாசனத்துல குந்திக்கினு கீறாரு” என்று அவள் உரக்கச் சொல்லிச் சிரித்ததில் நம் ராஜா விழுந்தான். விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

பெரிய பூபதி மகனை அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. ஜமீன்களில் இதற்கென்றே ஒரு வழி வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் கத்திக் கல்யாணம். தங்களுக்குச் சமமில்லாத இடத்துப் பெண் என்றால் ராஜா மணையில் உட்கார மாட்டார். அவருடைய கத்தி உட்காரும். கத்திக்குப் பக்கத்தில் பெண்ணை உட்கார வைத்து, ராஜாவின் சகோதரி தாலி கட்டிவிடுவாள். கல்யாணம் ஆன மாதிரியும் ஆச்சு, ஆகாத மாதிரியும் ஆச்சு.

பங்களாவின் கார் ஷெட்டில் அப்படித்தான் நடந்தது. மூன்று முடிச்சையும் போட்டவள் பதினேழு வயது வைதேகி. ராஜா மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருஷம் கழித்து அதே ராஜாவுக்கு ஊர் மெச்ச ரங்கநாயகியைக் கட்டி வைத்தார்கள். அன்றைக்கு அவன் மணையில் உட்கார்ந்தான்.

*

“எங்கே கிளம்பிட்டே, வைதேகி?”

உள்ளறையிலிருந்து ரங்கநாயகியின் குரல் வந்தது. வைதேகி கைப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அறுபது தாண்டியும் அண்ணியிடம் அகப்பட்டுக்கொண்டால் சின்னப் பெண் ஆகிவிடுகிறாள்.

“தி.நகர் வரைக்கும் அண்ணி. நாளைக்கு ஐயருக்குக் கொடுக்க வேட்டி, துண்டு...”

“அதைச் சித்தார்த்தன் நேத்தே வாங்கிட்டான்.”

ரங்கநாயகி கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலிச்சரடு. எல்லாம் நாளைக் காலை ஆறு மணி வரைக்கும்தான்.

“கதவைச் சாத்திட்டு வா.”

சாத்தினாள்.

“எனக்கு என் அண்ணன் கோடி கொண்டு வருவான். அவளுக்கு யாரு கொண்டு போவா?”

புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் போர்த்தும் புதுப்புடவைதான் கோடி. சுப்பம்மாவுக்குப் பிறந்த வீடு என்று சொல்ல யாரும் மிச்சமில்லை. அண்ணி இதையெல்லாம் எப்போது யோசித்தாள் என்று வைதேகி திகைத்துப்போனாள்.

“உடனே என்னைப் பெரிய மனசுக்காரின்னு நினைச்சுக்காதே. நாப்பது வருஷமா அவளைச் சபிக்காத வெள்ளிக்கிழமை இல்லை. ஆனா எனக்கு முன்னாடி ஏறின தாலி அது. கடைசியா அவர் முகத்தைப் பார்க்கக்கூட விடாமப் பண்ணிட்டோம். நாளைக்காவது வந்து ஒரு மூலையில உட்கார்ந்து அழுதுட்டுப் போகட்டும். போய்ச் சொல்லிடு.”

“சித்தார்த்தனுக்குத் தெரிஞ்சா?”

“அவனை நான் பார்த்துக்கறேன்.” ரங்கநாயகி அவள் கையைப் பிடித்தாள். “ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு எனக்குத் தாலி இறக்கறப்போ நீ என் பக்கத்துல இருக்கணும். நீ சுமங்கலி, அதைப் பார்க்கக் கூடாதும்பாங்க. எனக்கு வேற யாரு இருக்கா, சொல்லு?”

“இருக்கேன் அண்ணி” என்று சொல்லிவிட்டு வைதேகி வெளியே வந்தாள்.

கூடத்தில் ரங்கநாயகியின் மகன் சித்தார்த்தன் சமையல்காரரோடு போனில் கறாராகப் பேசிக்கொண்டிருந்தான். அத்தையைப் பார்த்ததும் போனைக் காதிலிருந்து எடுத்தான்.

“அத்தை, வெளியிலயா? அந்த... அந்தப் பக்கம் எல்லாம் போகலையே?”

“தி.நகர்ப்பா.”

“நல்லது. நாளைக்குச் சொந்தக்காரங்க முழுக்க இருப்பாங்க. வாசல்ல வந்து யாராவது தலைவிரிச்சு அழுதா, அம்மா தாங்க மாட்டாங்க.”

அம்மா எதைத் தாங்குவாள் என்று இவனுக்கு என்ன தெரியும்? வைதேகி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

*

தி.நகரில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். புடவைக் கடையில் நிற்க இடமில்லை. கையில் ஊதுபத்தி வாசனையோடு ஒரு துக்க வீட்டிலிருந்து வந்தவள், பட்டுக்கும் பேரத்துக்கும் நடுவில் நசுங்கினாள்.

“யாருக்கும்மா பாக்குறீங்க?” என்றார் விற்பனையாளர்.

“அண்ணிக்கு” என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. சுப்பம்மாவை இந்தப் பிறவியில் அவள் அண்ணி என்று சொன்னதே இல்லை. ‘அவங்க’ என்பாள். வீட்டில் பேச்சு வந்தால் ‘அந்தப் பக்கம்’ என்பாள். புடவைக் கடைக்காரரிடம் சொல்லத் தெரிந்த வார்த்தை, சொல்ல வேண்டியவளிடம் சொல்ல இத்தனை வருஷம் வாய் வரவில்லை.

வெள்ளை எடுக்கத்தான் போனாள். விற்பனையாளர் வெள்ளைப் புடவையை விரித்ததும், அதைக் கொண்டுபோய் அந்தச் சிரித்த முகத்துக்கு முன்னால் நீட்டுவதை நினைத்துப் பார்த்தாள். முடியவில்லை. சந்தன நிறத்தில் மெல்லிய பச்சைக் கரை போட்ட பருத்திப் புடவை ஒன்றைக் காட்டினாள். “இதையே போடுங்க.”

வைதேகி செய்த தப்பு அங்கேதான் தொடங்கியது. கோடியென்றால் கோடியாகத் தெரிய வேண்டும். வாயால் சொல்ல முடியாததைப் பார்த்ததும் புரியவைப்பதற்குத்தானே அது?

*

அடையாற்றுக் கரையைக் காலி செய்தபோது, அங்கிருந்தவர்களை லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மயிலாப்பூர்ச் சுவர்களில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அங்கே வராது. பெருங்குடிக் குப்பைமேடு தாண்டி ஆட்டோ போய்க்கொண்டிருந்தபோது, சொல்ல வேண்டிய வாக்கியத்தை வைதேகி மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ‘அண்ணன் தவறிட்டார்.’ இரண்டே வார்த்தை. இரண்டு வார்த்தையை எந்த மடையனும் சொல்லிவிடலாம்.

நாலாவது மாடிக் கதவு திறந்தே இருந்தது. வாசலில் கோலம். உள்ளே புளிசாதம் தாளித்த வாசனை.

“யாரு? ஐயோ, பாப்பாவா!”

சுப்பம்மாவுக்கு வைதேகி இன்னும் பாப்பாதான். மடியில் கிடந்த புடவையையும் ஃபால்ஸ் துணியையும் அப்படியே தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். நரைத்த தலையில் கதம்பம், நெற்றியில் காலணா அளவுக்குக் குங்குமம்.

“வா பாப்பா, வா. குந்து. இன்னா இது, ஆடிப் பதினெட்டும் அதுவுமா தலைல ஒரு முழம் பூ இல்லாம வந்துக்கீற?”

“பூ வச்சா தலை வலிக்குது” என்றாள் வைதேகி. வந்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, பொய் ஒன்று ஆயிற்று.

“ராஜா எப்டி கீறாரு? ரெண்டு வெள்ளிக்கெயம போனு வர்ல. நான் பண்ணா சுட்ச்சாப்பு. முட்டி ஆப்ரேசன் பண்ணிக்கப் போறேன்னு சொல்லிக்கினு இருந்தாரே, ஆஸ்பத்திரில கீறாரா?”

இப்போது சொல்லியிருக்க வேண்டும். கேள்வியே கதவைத் திறந்து வைத்தது. வைதேகி வாயைத் திறந்தாள். உலகத்திலேயே இன்னும் அவரை ராஜா என்று கூப்பிடுகிற ஒரே ஜீவன் எதிரே நின்று, முட்டி வலிக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது.

“ஆமாம்” என்றாள். “ஆஸ்பத்திரியிலதான்.”

“அப்பாடா! நான் இன்னா இன்னாவோ நெனச்சிக்கினேன். அம்மனுக்கு வேண்டிக்கினேன், தெரியுமா?”

சுப்பம்மா பெருமூச்சு விட்டுத் தட்டில் மூன்று சாதமும் வைத்துக் கொண்டுவந்தாள். புளி, எலுமிச்சை, தேங்காய். வைதேகி ஒவ்வொரு வாயையும் பாவத்தை விழுங்குவது போல விழுங்கினாள். சொல்லிவிட்டுச் சாப்பிட முடியாது என்பதால் சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டாள்.

சுப்பம்மாவின் கண் கடைப் பையின் மேல் போனது. “அது இன்னாது?”

“அது... உங்களுக்குத்தான்...”

முடிப்பதற்குள் சுப்பம்மா பையைத் திறந்து புடவையை எடுத்துவிட்டாள். மடிப்பைப் பிரித்து மடியில் போட்டுத் தடவினாள். வைதேகி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். புரிந்துகொள்ளட்டும். ஐயோ, தானாகவே புரிந்துகொள்ளட்டும்.

“எனக்கு ஆடிச் சீரா?” சுப்பம்மாவின் குரல் உடைந்தது. “இத்தினி வருசத்துல எனக்கு யாரும் சீருன்னு கொண்டாந்ததில்ல பாப்பா. பொறந்த வூடு இல்லாதவளுக்கு யாரு கொண்டாருவாங்க? தோ, நாத்தனாரு கொண்டாந்துட்ட.”

இனியும் பேசாமல் இருந்தால் அது பாவம் இல்லை, கொலை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, “அண்ணி, அண்ணன்...” என்று ஆரம்பித்தாள்.

“இன்னா சொன்ன?”

சுப்பம்மா புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். கண்ணில் நீர் தளும்பியது.

“இன்னொரு தபா சொல்லு.”

“அண்ணி.”

“நாப்பத்தஞ்சு வருசம்!” சுப்பம்மா அழுதுகொண்டே சிரித்தாள். “ராஜா கைல எத்தினி தபா கேட்டுக்கீறேன், தெரியுமா? உன் தங்கச்சி என்னிய ஒருவாட்டி அண்ணின்னு கூப்டுவாளான்னு. சொல்றேன் சொல்றேன்பாரு. நீயே சொல்லிட்ட. இந்த ஒரு வார்த்த போதும் பாப்பா எனக்கு.”

வைதேகி தள்ளிவைத்த தட்டை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சுப்பம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு சின்னத் தட்டு. அதில் மஞ்சள், குங்குமம், மஞ்சள் தடவிய புதுக் கயிறு.

“மேல் வூட்டு அக்கா வந்து கட்டிவுடும், அதுக்கோசரம் எடுத்து வெச்சேன். நீ வந்துட்டப்புறம் அவங்க எதுக்கு? அன்னிக்குக் கட்டுன கைதான கட்டணும்?”

ஆடிப் பதினெட்டில் தாலிக் கயிறு மாற்றுவார்கள். புருஷனுக்கு ஆயுசு கெட்டி ஆகட்டும் என்று.

“எனக்கு... என் கை சரியில்லை அண்ணி...”

“உன் கைக்கு இன்னா? அன்னிக்கும் இப்டித்தான் நடுங்கிக்கினு இருந்த. பக்கத்துல பார்த்தா கத்தி. சூட்டிங்ல நானே புளி போட்டுத் தேச்ச கத்தி! ‘இன்னாடா மாப்ள துரு புடிச்சிக் கீறான்’னு உன் காதுல சொன்னேன். நீ சிரிச்சிட்டே முடிச்சப் போட்ட. ஞாபகம் கீதா?”

இருந்தது. அந்தச் சிரிப்பு வைதேகிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவமானப்பட வேண்டியவள் சிரித்தாள், அவமானப்படுத்தியவர்களின் பெண்ணும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்கு அறியாத வயசு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இன்றைக்கு எதைச் சொல்லித் தப்பிப்பது?

சுப்பம்மா தாலியைப் புதுக் கயிற்றில் கோத்து, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். சுருக்கம் விழுந்த கழுத்தில் பழைய கயிறு வெளுத்துக் கிடந்தது. புதுசு ஏறிய பிறகுதான் அதை எடுக்க வேண்டும். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக் கூடாதாம்.

வைதேகி கட்டினாள்.

முதல் முடிச்சு போடும்போது அண்ணனின் சிதை கண்ணில் வந்தது. இரண்டாவதில், கதவைச் சாத்தச் சொன்ன ரங்கநாயகி வந்தாள். மூன்றாவது முடிச்சை விரல் தானாகவே போட்டது. செத்தவனுக்கு ஆயுசு வேண்டி, தெரிந்தே தாலி கட்டினாள் வைதேகி. பழைய கயிற்றை அவிழ்த்து எடுத்துத் தட்டில் வைத்தபோது அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு சுப்பம்மாவின் தோளில் விழுந்தது.

“அழுவாத பாப்பா” என்றாள் சுப்பம்மா சந்தோஷமாக. “ராஜா நல்லா ஆயிடுவாரு.”

அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

அன்புக்கரசி. நாகராஜ பூபதிக்கும் சுப்பம்மாவுக்கும் பிறந்த ஒரே பெண். ஓ.எம்.ஆர். கம்பெனி ஒன்றில் துப்புரவுப் பிரிவு சூப்பர்வைசர். லீவு போட்டுவிட்டு முண்டகக்கண்ணி அம்மனுக்குப் பொங்கல் வைக்க மயிலாப்பூர் போனவள் திரும்பியிருந்தாள். கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. வைதேகியைப் பார்த்தாள். அம்மாவின் கழுத்தைப் பார்த்தாள். கையிலிருந்த பிரசாதத் தூக்கை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“யாரும்மா கட்னது?”

“உன் அத்தைதான்! என்னிய அண்ணின்னு கூப்டா அன்பு. சீரு கொண்டாந்துக்கீறா, பாரு. நைனாவுக்கு முட்டி ஆப்ரேசன் ஆயிட்சாம், ஆஸ்பத்திரில கீறாராம். ஆமா, உன் கண்ணுக்கு இன்னா?”

“பொங்க வெச்ச பொக.” அன்புக்கரசி புடவையைத் தொட்டாள். உடனே கையை எடுத்துக்கொண்டாள். “நீ குந்தும்மா. நான் இவங்கள கீழ வுட்டுட்டு வரேன்.”

இரண்டு பேரும் படியிறங்கினார்கள். முதல் மாடியில் நின்றார்கள்.

“கச்சேரி ரோட்ல, ஒரு செவுத்துல பாத்தேன்” என்றாள் அன்புக்கரசி. “ஆட்டோவ நிறுத்தி எறங்கிப் பாத்தேன். எங்க நைனா செத்துப்போனத நான் செவுத்தப் பாத்து தெரிஞ்சிக்கினேன்.”

“சொல்லத்தான் வந்தேன் அன்பு. சத்தியமா சொல்லத்தான்...”

“சொன்னீங்களா?”

வைதேகி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“நானும் அதுக்குத்தான் ஓடியாந்தேன். வழியெல்லாம் எப்டிச் சொல்றது, எப்டிச் சொல்றதுன்னு அழுதுக்கினே வந்தேன். வந்தா, கழுத்துல மஞ்சக் கயிறு ஈரம்கூடக் காயல. இப்ப நான் போயி இன்னான்னு சொல்றது? உன் நாத்தனாரு தெரிஞ்சேதான் கட்டுனாங்கன்னா?”

“என்னை என்ன வேணும்னாலும் சொல்லு. தகும்.”

“உங்களத் திட்டி எனக்கு இன்னா ஆவப்போவுது? நாளைக்குக் காரியம் எத்தினி மணிக்கு?”

“ஆறு மணிக்கு... அண்ணிக்கு...” என்று சொல்லி வைதேகி நிறுத்திக்கொண்டாள். எந்த அண்ணி?

“அப்ப ஆறு மணிக்கு இங்க வாங்க. அங்க அவங்களுக்கு எறக்குற நேரத்துக்கு எங்கம்மாவுக்கு நீங்க எறக்குங்க. அதுவரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன். இன்னிக்கு ஒரு நாளு அது சந்தோசமா இருந்துட்டுப் போவட்டும்.” அன்புக்கரசி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ரெண்டு தபாவும் கட்டுனது நீங்க. அவுக்க மட்டும் வேற யாராச்சும் வரணுமா, அத்தை?”

நாற்பது வருஷத்தில் அவள் அத்தை என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. பதிலுக்குக் காத்திருக்காமல், ரங்கநாயகி வரச் சொன்னதை வைதேகி சொல்வதற்குள் படியேறிப் போய்விட்டாள்.

வைதேகி முற்றத்தைக் கடந்து ஆட்டோவில் ஏறப்போனாள். ஆறு மணி. அங்கே ஒருத்தி கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். இங்கே ஒருத்தி எதுவும் தெரியாமல் இருக்கிறாள்.

“பாப்பா!”

நிமிர்ந்து பார்த்தாள். நாலாவது மாடிக் கைப்பிடிச் சுவரோரம் சுப்பம்மா நின்றுகொண்டிருந்தாள். சந்தன நிறக் கோடியைப் பழைய புடவைக்கு மேலேயே சுற்றிக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். புதுக் கயிறு கீழே இருந்து பார்த்தாலே மஞ்சளாகத் தெரிந்தது.

“ஆஸ்பத்திரில ராஜா கைல சொல்லு பாப்பா! கயிறு மாத்திட்டேன்னு சொல்லு! அவுரு எதுக்கும் பயப்பட வேணாம்னு சொல்லு!”

சொல்கிறேன் என்று வைதேகி தலையாட்டினாள்.